எங்கள் டீச்சர் மே 31-இல் ஓய்வு பெறுகிறார்

தக்கலை பக்கத்தில் இருக்கும் எங்கள் சமுதாயக் கல்லூரியின் டைரக்டர் இந்த மே 31-ஆம் தேதியோடு ஓய்வு பெறுகிறார். அறை வாசலில் டைரக்டர் என்று போர்டு இருந்தாலும் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். ஆபீஸ் அக்காவுக்கும் டீச்சர், வாட்ச்மேன் அண்ணனுக்கும் டீச்சர், பீஸ் கட்ட வரும் அப்பாமாருக்கும் டீச்சர். என் பேரைப் போட்டு எதுவும் எழுதிவிடாதே என்று சொல்லிவிட்டார். அதனால் இங்கேயும் டீச்சர் என்றே எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையும் விட்டுவிடுகிறேன். நம்ம ஊர்க்காரர்களுக்கு நாலு வரி படித்தாலே யார் என்று தெரிந்துவிடும்.

பிரிவு உபசார விழா நடக்கத்தான் போகிறது. மேடையில் பெரியவர்கள் பேசுவார்கள். சிறந்த நிர்வாகி, அயராத உழைப்பாளி என்று சொல்வார்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் அங்கே படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்த சில காரியங்கள் இருக்கின்றன. அவை மேடையில் வராது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று இன்றைக்கும் என் கடைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. அமெரிக்காவில் இந்தக் கேள்வியே வராது. அங்கே இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-இல் ஒரு ஜூனியர் கல்லூரி தொடங்கினார்கள். அங்குள்ள அரசுக் கம்யூனிட்டி காலேஜ்களில் அதுதான் மூத்தது, இன்னும் நடக்கிறது. உலகப் போர் முடிந்த பிறகு, 1947-இல், அதிபர் ட்ரூமன் அமைத்த குழு ஒன்று, வீட்டுக்குப் பக்கத்தில் குறைந்த செலவில் படிக்கிற மாதிரி இப்படிப்பட்ட கல்லூரிகள் நாடு முழுக்க வேண்டும் என்று சொன்னது. அதற்கப்புறம்தான் அவை பெருகின. அங்கே இந்தக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரை பிரசிடெண்ட் என்கிறார்கள். அப்படி ஒருவர் ஓய்வு பெறும்போது கட்டடத்துக்கு அவர் பெயரை வைப்பதும் உண்டு.

நம் நாட்டில் இது பிந்தித்தான் வந்தது. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. மறு வருஷம் சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜ் வந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் அங்கீகாரத்தோடு மாநிலம் முழுக்கப் பல சமுதாயக் கல்லூரிகள் டிப்ளமோ நடத்த ஆரம்பித்தன. வயது வரம்பு கிடையாது. பத்தாம் வகுப்பில் தோற்றவரும் வரலாம், பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷம் ஆனவரும் வரலாம். முதலில் சில மாதம் வாழ்வியல் திறன், பேச்சுப் பயிற்சி, கொஞ்சம் கம்ப்யூட்டர். அப்புறம் தொழில். கடைசியில் ஏதாவது ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி.

டீச்சர் இதைப் புது விஷயம் என்று சொல்ல ஒத்துக்கொள்ள மாட்டார். "நம்ம மார்த்தாண்டத்துல இது எப்பவோ நடந்த காரியம் மக்களே" என்பார். 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் மார்த்தாண்டத்தில் ஒரு கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். பெட்டியில் தேனீ வளர்ப்பது, கோழி வளர்ப்பது என்று விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றைக்கு இருக்கும் பெயருக்குப் பின்னால் அந்த வகுப்புகளும் இருக்கின்றன. பரீட்சை எழுதவா அவர்கள் வந்தார்கள், பிழைக்க வந்தார்கள் என்று டீச்சர் சொல்வார்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இது படித்தவர்கள் ஊர். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-இல் கல்லூரியானது. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கல்லூரி 1964. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு கல்லூரி. பெருமைதான். ஆனால் இப்படிப்பட்ட ஊரில் ப்ளஸ் டூவில் தோற்றால் வெளியே தலைகாட்ட முடியாது. சர்ச் முடிந்து வெளியே வரும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில், "மோன் இப்போ என்ன செய்யுதான்?" என்று கேட்பார்கள். அம்மா பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவாள். அந்தக் கேள்விக்கு ஆளான பிள்ளைகள்தான் டீச்சரின் பிள்ளைகள். நானும் அதில் ஒருத்தன்.

டீச்சர் கல்வி வேலைக்கு வந்தது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போது எம்.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த பெண். சம்பளம் இல்லாத தொண்டராகப் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது அண்டியாபீஸில் வேலை பார்க்கும் பெண்களின் குழு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அண்டியாபீஸ் என்றால் முந்திரிக் கொட்டைத் தொழிற்சாலை. வறுத்த கொட்டையை உடைக்கும்போது தோட்டில் இருந்து வரும் எண்ணெய் தோலை அரித்துவிடும். விரல் நுனியெல்லாம் கருத்து, தொலி உரிந்து கிடக்கும். என் அம்மாவின் கையும் அப்படித்தான். சோறு பிசைந்து சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்று சில நாள் ஸ்பூன் வைத்துச் சாப்பிடுவாள். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்தப் பெண்களுக்குச் சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு வகுப்பு. சிலேட்டுக் குச்சி விரலில் பட்டாலே வலிக்கும் என்பதால், குச்சியில் துணியைச் சுற்றிக் கொடுத்தாராம். எழுத்துகள் மெதுவாகத்தான் வந்தன. எண்கள் வேகமாக வந்தன. ஒரு நாள் ஒரு பெண் தன் கூலி அட்டையை மடியில் மடித்து வைத்துக் கொண்டுவந்து, அந்த வாரம் எத்தனை கிலோ பருப்பு என்று எழுதியிருக்கிறது பார் டீச்சரே, நான் கொடுத்தது இத்தனை, கூட்டிப் பார் என்று விரித்துக் காட்டியிருக்கிறார். கூட்டினால் குறைந்தது. மறுநாள் அந்த அம்மா அட்டையோடு போய்க் கேட்டு, பாக்கியை வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு வகுப்புக்கு வந்த பெண்கள் எல்லாரும் அவரவர் அட்டையையும் கொண்டுவந்தார்கள் என்று டீச்சர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

டீச்சர் இதைச் சொல்லும்போது முகம் மலர்ந்து சொல்வார். கூடவே இன்னொன்றையும் சொல்வார். எழுத்து வந்தது, கணக்கு வந்தது, அட்டை சரியாயிற்று. ஆனாலும் மறுநாள் காலை அதே பெண்கள் அதே கொட்டையைத்தான் உடைக்கப் போனார்கள். வேறு வேலைக்குப் போக அவர்களுக்கு வழி தெரியவில்லை, காட்டிக்கொடுக்க இவருக்கும் தெரியவில்லை. இந்த ஆதங்கம்தான் அவரைத் தையல் வகுப்புக்கும், பிறகு ஒரு தொழிற்பயிற்சி மையத்துக்கும், 2003-இல் இந்தச் சமுதாயக் கல்லூரிக்கும் கொண்டுவந்தது. நடுவில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளமும் பென்ஷனும் உள்ள வேலை. போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் இன்றைக்கும் பதில் வராது, சாயா குடிச்சியா என்று கேட்பார்.

நான் சேர்ந்தது 2006-இல். ப்ளஸ் டூவில் கணக்கு போயிருந்தது. அப்பாவோடு திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியும் முன்பே வெட்ட வேண்டும், அப்போதுதான் பால் நன்றாக ஊறும். வெட்டி முடித்து, சிரட்டையில் நிறைந்த பாலை எடுத்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் சேர்த்து உறைய வைத்துவிட்டு வீடு வந்தால் ஒன்பது, ஒன்பதரை ஆகும். என்னைச் சேர்க்க அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான் வந்தார்.

டீச்சர் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், மேசையில் வைத்துவிட்டார். பிறகு கேட்டார்.

"காலத்த எத்தன மணிக்கு எழும்புவ மக்களே?"

சொன்னேன்.

"பாலு எடுத்துட்டு வீட்டுக்கு வரும்போ?"

அதையும் சொன்னேன்.

"அப்போ பத்தரைக்கு இங்க எத்தலாமா? கொள்ளாமா ஒனக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். பால்வெட்டை நிறுத்தச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் வந்திருந்தார். நிறுத்த வேண்டாம், வெட்டிவிட்டே வரட்டும் என்று ஒரு கல்லூரியில் சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அந்தக் கல்லூரியின் டைம் டேபிள் முழுக்கவே அப்படித்தான் போடப்பட்டிருந்தது. மலைப் பக்கத்துப் பால்வெட்டுப் பையன்களுக்காகப் பத்தரை மணி. அண்டியாபீஸ் பெண்களுக்குச் சாயங்கால பேட்ச். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இல்லையா, அந்த நாட்களில் கடற்கரைப் பையன்களுக்கு என்ஜின் வகுப்பு. படகு என்ஜினைப் பிரித்துச் சேர்ப்பது, கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் பார்ப்பது, ஜி.பி.எஸ். போடுவது. பீஸும் அப்படித்தான். கோடையில் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் காலத்திலும், அடைமழைக் காலத்திலும் பால்வெட்டு வீட்டுப் பிள்ளைகளிடம் பீஸ் கேட்கக் கூடாது என்று ஆபீஸ் அக்காவிடம் சொல்லி வைத்திருந்தார். அந்த அக்கா காலண்டரில் அந்த மாதங்களைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருப்பார்.

படிப்பை மனிதர்களின் பிழைப்புக்கு ஏற்றாற்போல் வளைப்பது என்று மேடையில் எளிதாகச் சொல்லிவிடலாம். அதை மணி கணக்குப் பார்த்து, எந்த பஸ் எப்போது வருகிறது என்று பார்த்து, வருஷம் தவறாமல் செய்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மினி பஸ் ஒன்றின் நேரம் மாறியதற்காக எங்கள் வகுப்பு இருபது நிமிஷம் தள்ளிப் போனது. மூன்று பெண் பிள்ளைகள் அந்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள், அதற்காக.

நான் எடுத்தது ஏசி, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் படிப்பு. செம்புக் குழாய்களைச் சேர்த்துப் பற்றவைக்கும் பாடம் வரும், பிரேஸிங் என்போம். பார்க்கச் சுலபம். குழாயின் இரண்டு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, டார்ச்சால் சுற்றிலும் சூடாக்க வேண்டும். செம்பு மங்கலான சிவப்புக்கு வரும் நேரத்தில் பற்றவைக்கும் கம்பியை இடுக்கில் தொட வேண்டும். தீயைக் கம்பி மேல் காட்டக் கூடாது. குழாயின் சூட்டிலேயே கம்பி உருகி, இடுக்குக்குள் தானே இழுபட்டுப் போக வேண்டும். சூடு குறைந்தால் மேலேயே உருண்டு நிற்கும். கூடினால் குழாயே ஓட்டையாகும். எங்கள் பேட்ச்சில் கம்பி கட்டுக் கட்டாகச் செலவானது. பயிற்சி கொடுத்த சார் மறுபடியும் கம்பி வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும், டீச்சர் கையெழுத்துப் போடாமல் நேரே வொர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார்.

வந்தவர் கணக்குக் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு தா, நான் பாக்கட்டு" என்று டார்ச்சைக் கையில் வாங்கினார். எங்களுக்குத் திகைப்பு. முதல் இணைப்பில் கம்பி உருண்டையாக வெளியே நின்றது. அடுத்ததில் குழாய் கருகியது. அதற்கடுத்தது பார்க்க நன்றாக இருந்தது. சார் நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு ஓரத்தில் குமிழ் குமிழாக வந்தது. டீச்சர் குனிந்து அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பையனிடம், இது எங்கே தப்பினது என்று கேட்டார். அவன் சொன்னான், அந்தப் பக்கம் சூடு எட்டவில்லை டீச்சர், டார்ச்சை இப்படிச் சுற்றிக் கொண்டுவரணும். அவன் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை தோற்றவன். ஒரு டைரக்டருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான், குரல் நடுங்காமல். டீச்சர் அவன் சொன்ன மாதிரியே மறுபடியும் செய்தார். இந்த முறை குமிழ் வரவில்லை. "பழகுறதுக்கே இவ்வளவு கம்பி வேணும், இல்லியா சார்?" என்று கேட்டுவிட்டு, சார் எழுதியிருந்ததற்கு மேலேயே கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எங்களை நேரடிப் பயிற்சிக்கு அனுப்பும் இடத்துக்கும் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடுவார். பெண் பிள்ளைகளை அனுப்பும் இடம் என்றால் முதலில் கழிப்பறையைப் பார்ப்பார், பிறகுதான் மேனேஜர் அறைக்குப் போவார். ஏசி கடைகளில் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. மாடிச் சுவரில் யூனிட் மாட்ட ஏறும்போது பாதுகாப்பு பெல்ட் கொடுப்பீர்களா? ஒரு கடைக்காரர், அதெல்லாம் நம்ம ஊரில் யாரும் போடுவதில்லை என்றார். எங்கள் பையன்கள் இரண்டு பேரையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. பிறகு 2009-இல் கத்தார் போனேன். அங்கே பெல்ட் மாட்டாமல் ஏணியில் கால் வைத்தால் வேலை போய்விடும். முதல் நாளே எனக்குப் பழக்கமாக இருந்தது, அதற்குக் காரணம் டீச்சர்தான்.

அங்கிருக்கும்போதும் போன் வரும். நலம் விசாரித்த கையோடு, இப்போது அங்கே ஏசியில் எந்த கேஸ் அதிகம் ஓடுகிறது என்று கேட்பார். நாங்கள் படித்தது முழுக்க ஆர்-22. ஓசோனைக் கெடுக்கும் வாயு என்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதை உலகம் முழுக்கப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். இந்தியாவிலும் 2030-க்குள் புது உபயோகம் ஏறக்குறைய நின்றுவிடும். இதை எங்கேயோ பத்திரிகையில் படித்துவிட்டு, "அப்போ நம்ம பிள்ளைக்கு நான் பழைய பாடமில்லியா படிப்பிக்குதேன்?" என்று கவலைப்பட்டார். அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ-யில் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல், அழுத்தம் பார்க்கும் பழைய கேஜ் செட் தாங்காது, ஆர்-32 தீப்பிடிக்கக்கூடியது, அறையில் காற்றோட்டம் வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அடுத்த வருஷமே புதுக் கேஜ் வாங்கினார். தமிழ் எம்.ஏ. படித்தவர் அவர்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ஹெல்த் அசிஸ்டென்ட் டிப்ளமோ கல்லூரிக்கு நல்ல வருமானம் தந்த படிப்பு. நம் மாவட்டத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருப்பார். அதனால் பெண் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு அந்தப் படிப்பு என்றால் ஒரு ஆசை. ஆனால் ஒரு வருஷ ஹெல்த் அசிஸ்டென்ட் படிப்பை வைத்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. அதை யாரும் அவர்களுக்கு விளக்கமாகச் சொல்வதில்லை. டீச்சர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அடித்து வைத்தார்: "இது நர்சிங் படிப்பு இல்லை. இதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது." சேர வருகிற ஒவ்வொரு பெற்றோரும் அதை வாய்விட்டுப் படித்த பிறகுதான் கையெழுத்து. படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே படித்துக் காட்டுவார். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். வேறு இடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வருஷம் கல்லூரியின் கணக்கில் பெரிய துண்டு விழுந்தது. நிர்வாகக் கூட்டத்தில் கேள்வி வந்ததாகவும் கேள்விப்பட்டேன். தாளை எடுக்கவில்லை. இன்றும் அது ஆபீஸில் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையில் பெரும்பங்கு அந்தத் தாளுக்குத்தான்.

இனி நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

டீச்சரின் மேசையில் நீள வாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். அட்டையில் "வர வேண்டியவர்கள்" என்று எழுதியிருக்கும். பீஸ் பாக்கிக் கணக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2016-இல் ஊருக்குத் திரும்பி வந்து தக்கலையில் கடை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வகுப்பெடுக்கப் போன பிறகுதான் அதைப் பிரித்துப் பார்த்தேன். சேர்ந்துவிட்டு நடுவில் நின்றுபோன பிள்ளைகளின் பெயர்கள். பெயர், படிப்பு, ஏன் நின்றது, வீட்டுக்கு வழி. "அப்பாவுக்கு ஸ்ட்ரோக், கடையில் நிற்கிறான்." "கல்யாணம், மாப்பிள்ளை வீடு கருங்கல்." "பஸ் இல்லை." வழியும் அப்படியே, ரேஷன் கடைக்கு எதிர் இறக்கம், இரண்டாவது வீடு, நாய் உண்டு என்று. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் போய்ப் பார்த்த தேதிகள். சில பெயர்களுக்குக் கீழே தேதிகள் இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப் போயிருந்தன.

பாஸானவர்கள் கணக்கைத்தான் எந்தக் கல்லூரியும் வைத்திருக்கும். படித்து முடித்து வேலைக்குப் போன எங்கள் போட்டோக்களைச் சுவரில் மாட்டுவார்கள். நின்றுபோனவர்களைத் தன் பொறுப்பாக வைத்துக்கொண்ட ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். அந்த நாளை நம் மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மலைப் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கடற்கரைப் பக்கம் நடந்ததோ எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாதது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலில் நாள் கணக்கில் தங்கிச் சுறா பிடிக்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது படகுகள் எப்போதோ ஆழ்கடலுக்குப் போயிருந்தன. பல வீடுகளில் அப்பாவும் அண்ணனும் ஒன்றாகப் போனார்கள். எங்கள் கல்லூரியில் படித்த கடற்கரைப் பையன்கள் வருவது நின்றது.

டீச்சர் அப்போது என்னைத்தான் கூப்பிட்டார், பைக் இருக்கிறது என்பதால். நாங்கள் போன வீடுகளில் அவர் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாமாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். சில வீட்டில் ஒரு மணி நேரம் பேச்சே இருக்காது. எழுந்து வரும்போது அந்தப் பையனின் தோளைத் தொட்டுவிட்டு வருவார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது பைக்கில் ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருவார். ஆபீஸுக்கு வந்து நோட்டில் பெயர்களை எழுதினார். "ஏன் நின்றது" என்ற கட்டத்தில் எதுவும் எழுதாமல் கோடு மட்டும் போட்டார்.

அதில் ஒரு பையன், என்ஜின் வகுப்பில் படித்தவன், அப்பா திரும்பி வரவில்லை. அவன் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டான். டீச்சர் போய்க்கொண்டே இருந்தார். கிறிஸ்துமஸுக்கு, அவன் தங்கச்சியின் முதல் நற்கருணைக்கு, சும்மா அந்தப் பக்கம் போகும்போது. இரண்டு வருஷம் கழித்து ஒரு ஜூன் மாதம், தடைக்காலம் தொடங்கிய வாரம், அவனாகவே வந்து நின்றான். விட்ட இடத்தில் இருந்து படித்தான். பீஸை ஏற்கெனவே கட்டிவிட்டாய் என்று ஆபீஸில் சொன்னார்கள். அவன் கட்டவில்லை என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இப்போது தேங்காப்பட்டணம் பக்கம் என்ஜின் வேலைக்கு அவனைத் தேடித்தான் போகிறார்கள். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று ஏசியின் வெளி யூனிட்டை அரித்துவிடும், அதனால் எனக்கும் அந்தப் பக்கம் வேலை நிறைய. போகும்போதெல்லாம் அவன் வீட்டில்தான் எனக்கு மதியச் சாப்பாடு, மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும்.

தையல் படிப்பில் சேர்ந்து கல்யாணத்தோடு நின்றுபோன ஒரு அக்கா உண்டு. கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். கட்டிங் மேசைக்கு அடியில் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் குழந்தை மெஷின் சத்தம் இல்லாவிட்டால் தூங்காது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த அக்காவின் கடை இப்போது அழகியமண்டபத்தில் இருக்கிறது. விழாவன்று டீச்சர் உடுத்தப் போகும் சேலைக்கு ஜாக்கெட் அவர்தான் தைக்கிறார். அளவு எடுக்க டீச்சர் நேரம் கொடுக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறார்.

டீச்சருக்குப் பென்ஷன் கிடையாது. அவர் வாங்கியது தொகுப்பூதியம். இவ்வளவு வருஷம் வேலை பார்த்த ஒருவர் மாதாமாதம் எதுவும் வராமல் வீட்டுக்குப் போகிறார் என்பது எனக்கு ஆறவில்லை. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு தொகையைப் பாங்கில் போட்டு வட்டி வருகிற மாதிரி செய்யலாம் என்று பேசி, அவரிடம் போய்ச் சொன்னோம். கோபப்பட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அபூர்வம். தம்பி வீட்டுப் பக்கத்தில் சொந்த வீடு உண்டு, கொஞ்சம் தென்னை உண்டு, எனக்கு அது மதி, போதும் என்றார். ஆனால் நாங்கள் விடுவதாக இல்லை. அவருடைய தம்பியிடம் பேசி, மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டுமாவது நாங்கள் கட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

விழாவுக்குச் சால்வை கொண்டுவர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு விழாவிலும் போடும் சால்வைகள் பீரோவில் குவிந்து கிடக்கின்றனவாம். அந்தக் காசுக்கு வொர்க்‌ஷாப்புக்கு ஏதாவது வாங்கி வரச் சொல்கிறார். ஏசி படித்தவர்கள் சேர்ந்து ஒரு புது வேக்யூம் பம்ப் வாங்குகிறோம். தையல் பேட்ச்காரர்கள் ஓவர்லாக் மெஷின். கடற்கரைப் பையன்கள் என்ன வாங்குகிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் எங்களில் சிலரைக் கூப்பிட்டு அந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். புதிதாகப் பொறுப்பேற்க வருகிறவருக்கு ஆபீஸ் வேலையே தலைக்கு மேல் இருக்கும், வீடு வீடாகப் போக முடியாது, அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பகுதி பகுதியாகப் பிரித்தோம். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியிருக்கிறார். முதல் தடவை போகும்போது நோட்டீஸ் எதையும் கையில் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்காரர்கள் தருவதைக் குடிக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்கவே கூடாது. அட்மிஷன் ஜூனில் இருக்கிறது என்பதை இரண்டாம் தடவை போகும்போது சொன்னால் போதும்.

அஞ்சுகிராமம், ஆரல்வாய்மொழி பக்கம் ஆள் கிடைத்துவிட்டது. குளச்சலுக்கும் உண்டு. நித்திரவிளை, கொல்லங்கோடு, நீரோடி வரைக்கும் உள்ள பக்கங்களுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கம் இருக்கும் பழைய மாணவர்கள், எந்த பேட்ச் ஆனாலும் சரி, எனக்குச் சொல்லுங்கள். பைக் இருந்தால் நல்லது. மே 31-க்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் தந்துவிடுகிறேன். கையெழுத்து புரியாத இடங்களை டீச்சர் இருக்கும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.